சத்தமில்லாத கேசட்

தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். போன வாரம் என் மகன் புதுக் காரில் ஏறி உட்கார்ந்தான். அவன் போன் சட்டைப் பையிலேயே இருந்தது, பாட்டு தானாகப் பாட ஆரம்பித்தது. "முன்னாடியெல்லாம் ஒயர் சொருகுவாங்களாமே, நெஜமாம்மா?" என்று கேட்டான். ஒயர் சொருக முதலில் துளை வேண்டும்டா, கார் கம்பெனி கொடுத்த பாட்டு செட்டில் அந்தத் துளையே கிடையாது, நாங்களாக வைத்தோம் என்றேன். "அய்யே" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க அந்தத் துளை ஞாபகமாகவே இருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடியதும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். அம்மா பக்கத்திலேயே இருந்த மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார், டிவி ரிமோட்டுக்குள் இருக்கிற பச்சைத் தகட்டில் ஈயம் வைக்கிற வேலை. அப்புறம் அப்பா லைசென்ஸ் எடுத்து ஒரு சொல்தாவிடம் டிரைவராகச் சேர்ந்தார். சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் வாழ்கிற தமிழர். முதுகுக்குப் பின்னால் சொல்தா, முகத்துக்கு நேரே முசே, அதாவது ஐயா.

எழுபது வயதிலும் நிமிர்ந்து நடக்கிற மனிதர். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே மகள் பாரிசில் இருந்தார். சேர்ந்த முதல் நாளே அப்பாவை நிற்க வைத்து, "பேசினா பதில் சொல்லாதவனும் வேணாம், கேக்காமப் பேசறவனும் வேணாம். போன டிரைவர் ஒரு வாரந்தான் இருந்தான்" என்று சொன்னாராம். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அன்று ராத்திரி அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

காரணம் இதுதான். அப்பாவுக்குக் காது பாதிதான் கேட்கும். இருபது வருஷம் தறிச் சத்தத்துக்குள் நின்ற காது. லாரி ஹாரன் கேட்கும், இடி கேட்கும், அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தால் கேட்கும். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்காது. அதனால் என்ன என்று மில்காரர்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. தறிகள் ஓடும்போது உள்ளே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. வாயை அகலமாகத் திறந்து சத்தமே இல்லாமல் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அடுப்படியிலிருந்து அம்மா வாயை மட்டும் அசைத்துச் "சோறு ஆறுது" என்பார், அப்பா எழுந்து வருவார். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரில் அப்பாவுக்குக் கண்ணாடி இருந்தது. டிரைவர் தலைக்கு மேல் இருக்குமே, பின்னால் பார்க்கிற கண்ணாடி, அதைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து முசேயின் வாய் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். முசேக்கு ஒரு பழக்கம், எதைச் சொல்வதானாலும் "அலோர்" என்று ஆரம்பிப்பார், பிரெஞ்சில் 'சரி, அப்படின்னா' என்கிற மாதிரி. வாய் வட்டமாகக் குவிந்ததும் அப்பா தயாராகிவிடுவார். ஆறு மாதம் இப்படியே ஓடியது. முசே ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. அப்பா அதை எங்களிடம் சொல்லிச் சிரிப்பார், அம்மா சிரிக்க மாட்டார்.

"காதுல மிஷினு வச்சிக்கயேன்" என்று அம்மா கேட்டதுண்டு.

"மிஷினு வச்ச டிரைவர எவன் வச்சிக்குவான்?" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கல்லறைத் திருநாள் அன்று முசே தன் மனைவியின் கல்லறைக்குக் கிளம்பினார், அந்த அம்மா போனபின் வருகிற முதல் கல்லறைத் திருநாள். பின் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே, பூக்கடையில் நிறுத்து என்று சொல்லியிருக்கிறார். முகம் ஜன்னல் பக்கம், உதடு கண்ணாடியில் விழவில்லை. அப்பா நிறுத்தவில்லை. கடையைத் தாண்டிப் போய்விட்டார். முசே இன்னொரு முறை சொல்லவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்கிற பழக்கம் ராணுவத்தில் கிடையாதாம். ஊரே கைநிறையப் பூவோடு வந்திருந்த இடத்தில் அவர் வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறார்.

திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கியதும் அப்பாவை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார். "இன்னா, பெரிய மனுஷனாயிட்டியா? நான் சொன்னா ஒனக்கு ஏறாதா?" அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. தெரியாததால் பேசாமல் நின்றார். அது இன்னும் திமிராகத் தெரிந்திருக்கும். "அப்புறம் அந்தக் கண்ணாடி. எப்பப் பாத்தாலும் என் மூஞ்சியவே பாத்துகினு வர. என் மூஞ்சியில இன்னா எழுதியா ஒட்டியிருக்குது? அத நேரா வை. ரோட்டப் பாரு. இன்னொரு தடவ இந்த மாரி நடந்தா சாவிய வச்சிட்டுப் போயிகினே இரு."

அப்பா கண்ணாடியை நேராக்கினார். அன்றிலிருந்து காருக்குள் அவர் முழுச் செவிடு.

முசே கோபத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டதால்தான் அந்த வாரம் வேலை தப்பியது, எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை, 'எனக்குக் காது கேக்கல முசே' என்று சொல்லியிருந்தால் முடிந்தது என்று இப்போது நமக்குச் சுலபமாகத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. ஆனால் அவர் ஒரு தடவை வேலை போய் உட்கார்ந்திருந்த மனுஷன். விட்டத்தைப் பார்த்த அந்த ஒரு வருஷத்தை மறுபடி பார்க்க எங்கள் மூன்று பேருக்குமே தைரியம் இல்லை.

அப்போதுதான் பாரிசிலிருந்து கடிதம் வந்தது. மகள் நத்தாருக்கு வருகிறார். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். பாட்டு கேட்கிற சின்ன மிஷின் ஒன்று வைத்திருக்கிறாராம், காரில் அதைச் சொருகிப் பாட வைக்க ஒரு துளை வேண்டுமாம். கார் கம்பெனி கொடுத்த செட்டில் ரேடியோவும் கேசட்டும்தான் உண்டு. புது செட் மாற்ற முசேக்கு மனசில்லை, பழசை நோண்டவும் மனசில்லை. அப்பாவைக் கேட்டார். அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். அப்புறம் வாயசைவில், "அந்தத் தொள மட்டும் இல்ல, ஒனக்கும் ஒண்ணு வைக்கிறேன்" என்றார்.

அம்மாவின் கணக்கு இப்படி. செட்டுக்குள் வெளிச் சத்தத்தை விட ஒரு துளை வைக்கப்போகிறோம். அதில் பாட்டு மிஷினையும் சொருகலாம், ஒரு மைக்கையும் சொருகலாம். பின் சீட்டில் முசே உட்காரும் இடத்துக்கு எதிரில், முன் சீட்டின் முதுகுத் தையலுக்குள் பட்டாணி அளவு மைக். அதன் ஒயர் தரை விரிப்புக்கு அடியில் வந்து அந்தத் துளைக்குள் போகும். முசே பேசினால் சத்தம் டிரைவர் கதவில் இருக்கிற ஸ்பீக்கரில் மட்டும் வரும், அப்பாவுக்குக் கொஞ்சம் நன்றாகக் கேட்கிற வலது காதுப் பக்கம்; வண்டிச் சத்தத்தில் பின் சீட்டுக்கு அது தனியாகத் தெரியாது. மகள் வந்து இறங்கும் வரைக்கும் இது போதும், அதற்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்த ஒரு அக்கா படம் வரைந்து கொடுத்தார், கழித்துப்போட்ட தகடு ஒன்றையும் கொடுத்தார். ஒரு சிக்கல் இருந்தது. கேசட்டிலிருந்து பாட்டு வருகிற பாதையில்தான் அம்மா ஒயரைச் சேர்க்க முடியும். உள்ளே கேசட் ஓடினால்தான் செட் அந்தப் பாதையைத் திறக்கும். ஆக, எதுவுமே பதியாத ஒரு கேசட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். மில்லை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது வாசலில் நடந்த கூட்டத்தில் அப்பா ஒலிபெருக்கியில் பேசியதை யாரோ பதிந்து கொடுத்தது. அதில் அப்பாவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். ஏற்றம் இறக்கத்தோடு, தன் குரல் தனக்கே கேட்கிறவர் பேசுகிற மாதிரி இருக்கும். அம்மா வேறு கேசட் இரவல் வாங்கலாம் என்றார். அப்பா, "அதக் கேட்டு இன்னா ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டு டேப்ரிக்கார்டரை எடுத்து வைத்தார். சுற்றுச் சத்தம் பதியாமலிருக்க மைக் துளையில் வெறும் பின்னைச் சொருகி, பதிவுப் பொத்தானை அமுக்கினார். அது ஓடி முடிகிற வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் முடிந்ததும் அவரே எடுத்துத் திருப்பிப் போட்டார். அந்தக் குரலை நான் அப்புறம் எங்கேயும் கேட்கவில்லை, எனக்கு இன்றைக்கும் அதில் ஆறாத கோபம் உண்டு. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை நடந்தது. முசே சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தூங்குவார், அந்தத் தெருவே அப்போது தூங்கும். அப்பா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்துச் செட்டின் இரண்டு பக்கமும் விட்டு இழுத்தார், அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அம்மா முன் சீட்டில் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்து, ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடேற்றினார். காருக்குள் குங்கிலியம் போட்ட மாதிரி வாசனை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடி ஜன்னல் ஒருமுறை கிறீச்சிட்டது. அம்மாவின் கை நின்றது. காற்றுதான். அம்மா மேலுதட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த சொட்டு ஈயத்தை வைத்தார்.

துளையைச் சாம்பல் தட்டுக்குள் வைத்தார்கள். முசே புகைப்பதில்லை, அதைத் திறக்கவும் மாட்டார். நான் பின்னால் உட்கார்ந்து "அலோர்" என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்ல! "கேக்குது" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. சத்தத்தை ஒரு அளவுக்கு மேல் கூட்டினால் ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் மறுபடி பிடித்து, ஊ என்று அலறும். அம்மா குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அலறாத இடத்தில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளியத் தாண்டினா குடி முழுகிப்போவும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

முசே எழுந்து வந்து பார்த்தார். "தொள வெளிய தெரியல, நல்லது" என்றார். அம்மாவைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொல்லித் தலையசைத்தார். அம்மா பதிலுக்குக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கையில் ஈயம் தெறித்துக் கொப்பளித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. சரி என்றால், ஒவ்வொரு நாளும் அப்பா திரும்பி வருகிற வரைக்கும் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த அளவுக்குச் சரி. கேசட் ஒரு பக்கம் முடிந்து தானாகத் திரும்பும்போது மூன்று நான்கு விநாடி பாதை மூடிக்கொள்ளும். அந்த விநாடிகளில் முசே பேசக் கூடாதே என்று அப்பா வேண்டிக்கொள்வாராம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு, அம்மாவுக்கு ஷிப்ட். வீட்டில் தனியாக விட முடியாது என்று அப்பா முசேயிடம் கேட்டு என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். கடற்கரைக் கிராமமான கனகசெட்டிக்குளம் போனோம். கரைக்கு வந்த மீனை நேரே அங்கே வாங்கினால்தான் முசேக்குத் திருப்தி. வஞ்சிரம் ஒன்றை ஓலைக்கூடையில் போட்டு என் காலடியில் வைத்தார்கள். திரும்பும்போது மழை கொட்ட ஆரம்பித்தது.

வண்டியின் கூரைமேல் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி சத்தம். வைப்பர் எவ்வளவு வேகமாக ஆடினாலும் ரோடு தெரியவில்லை. அப்பா ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டு ஓட்டினார். முத்தியால்பேட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து முசே பேசினார்.

"அலோர், கல்லறைக்குப் போயிட்டுப் போவலாம். பூக்கடையில நிறுத்து."

எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரிலும் வந்திருக்கும், மழையில் அது கரைந்துபோனது. அப்பாவுக்கு எட்டவில்லை. நான் அவர் முழங்காலைத் தட்டினேன், என் வாயைப் பார்ப்பார் என்று. எதிரில் பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு வந்தது, அவர் கண்ணை எடுக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் முசேக்குத் தெரிந்துவிடும். அதே பூக்கடை. அதே கல்லறை. இன்னும் இரண்டு நிமிஷத்தில் கடை வந்துவிடும், தாண்டிவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். முசே இன்னொரு முறை சொன்னார், குரல் மாறியிருந்தது. வாழ்க்கையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாத மனுஷன் இரண்டாம் முறை சொல்கிறார். நான் குமிழைப் பிடித்துச் சிவப்புப் புள்ளிக்கு மேலே திருப்பினேன்.

கார் அலறியது. காதைக் கிழிக்கிற அலறல். அப்பாவுக்கே கேட்டது. பதறிப்போய் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். நான் சத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் இன்னும் கூட்டிவிட்டேன், அப்புறம்தான் அணைத்தேன். மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. மீன் கூடை சாய்ந்து என் பாவாடையெல்லாம் ரத்தத் தண்ணீர்.

பக்கத்தில் மைக் இருந்தால்தான் ஸ்பீக்கர் அப்படி அலறும் என்று முசேக்குத் தெரிந்திருக்க வேண்டும், முன் சீட்டின் முதுகைத் தடவினார். ராணுவக்காரர் கை, இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தையலைப் பிரித்து மைக்கை வெளியே இழுத்தார். ஒயரோடு அதைத் தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பயம். அவ்வளவு பெரிய ஆள் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"யாருக்கு?" என்றார். "நான் பேசறத யாருக்குக் குடுக்கற? எத்தினி நாளா?"

அப்பா இன்னும் அலறிய செட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் அந்தக் கேள்வியும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பதில் வராததைப் பார்த்து முசே கதவின் பிடியில் கை வைத்தார். இறங்கிவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருந்த ஒரே விஷயத்தை நான் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்குக் காது கேக்காது முசே. நீங்க பேசறது அவருக்குக் கேக்கறதுக்குத்தான் அம்மா வச்சாங்க. கண்ணாடி இருந்தப்ப ஒங்க வாயப் பாத்துப் புரிஞ்சிகினு இருந்தாரு. நீங்க நேரா வைக்கச் சொல்லிட்டீங்க."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வேலையைத் தொலைத்தவள் நான்தான் என்று நினைத்து அழுதேன். நான் பேசும்போதே அப்பா என் முகத்தைப் பார்த்தார், என்ன சொன்னேன் என்று உதட்டிலேயே படித்திருப்பார். மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

முசே கதவிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் கேட்டார், இந்த முறை நேருக்கு நேர்.

"கல்லறைத் திருநா அன்னிக்குப் பூக்கடையில நிறுத்தச் சொன்னனே. அது?"

"கேக்கல முசே."

"கேக்கலயா, கேக்காத மாரி இருந்தியா?"

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன் முசே. மதாமுக்குப் பூவு வாங்கறதுக்கு நிறுத்தாம போவனா?"

முசே மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவர் அந்த ஒரு மாதமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இந்த வயதில்தான் பிடிபடுகிறது. தன் மனைவிக்குப் பூ வாங்க விடாத ஒரு மனிதனோடு தினமும் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார். அப்பாவோ, செவிடு என்று தெரிந்தால் அந்த நிமிஷமே துரத்திவிடுகிற ஆள் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வெற்றுக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

மழை கொஞ்சம் தணிந்தது. முசே மைக்கை மடியில் வைத்துவிட்டு, முன்னால் சாய்ந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா திரும்பியதும் மேலே கண்ணாடியைக் காட்டினார்.

"அத முன்ன மாரி திருப்பி வை."

அப்பா கையை உயர்த்திக் கண்ணாடியை இடப்பக்கம் சாய்த்தார். இரண்டு முறை சரிசெய்தார். முசே தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார். வாய் வட்டமாகக் குவிந்தது. அப்புறம் உதடுகள் நிதானமாக, அகலமாக அசைந்தன. எங்கள் வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரியே இருந்தது. சத்தம் போட்டுத்தான் சொன்னாரா, வெறுமனே வாயைத்தான் அசைத்தாரா என்று மழையில் எனக்குத் தெரியவில்லை.

"சரி முசே" என்று அப்பா சொன்னார். வண்டியைக் கிளப்பிப் பூக்கடை முனையில் நிறுத்தினார்.